பின்சீட்டுப் பிள்ளைகள்

மூளைப் பரீட்சை என்று அதற்குப் பெயர் வைத்தவள் ஜோதிமணிதான். பள்ளிக்கூடத்தில் அதற்கு வாயில் நுழையாத ஆங்கிலப் பெயர் ஒன்று இருந்தது. கோடை விடுமுறைக்கு முன்னால் பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் அறையில் உட்கார வைத்து, படம் காட்டி, கட்டம் காட்டி, பீப் சத்தம் கேட்பதற்குள் பதிலை அமுக்கச் சொன்னார்கள். மூக்கொழுகுகிற கேஜிப் பிள்ளைகூடத் தப்பவில்லை. ஊருக்குப் போனவர்களெல்லாம் அமீரகத்து அல் ஐனுக்குத் திரும்பி வந்தபோது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ரப்பர் வளையம் காத்திருந்தது. மூளை அதிகம் என்று கம்ப்யூட்டர் சொன்ன பிள்ளைக்குத் தங்கக் கலர். நடுத்தரத்துக்கு நீலம். மிச்சம் பேருக்குச் சாம்பல்.

ஜோதிமணி அந்தப் பள்ளிக்கூடத்தில் பஸ் ஆன்ட்டி. இருட்டு பிரியும்போதே பஸ்ஸில் ஏறிவிடுவாள். நிறுத்தத்துக்கு நிறுத்தம் இறங்கிப் பிள்ளைகளைக் கைபிடித்து ஏற்றுவது, பெல்ட் மாட்டுவது, உருண்டோடும் தண்ணீர் பாட்டிலைப் பிடிப்பது, வாந்தி எடுத்தால் துடைப்பது, தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டு வகுப்பில் கொண்டுபோய் விடுவது எல்லாம் அவள் வேலை. எல்லாரும் இறங்கிய பிறகு பின்வரிசை வரை நடந்து, சீட்டுக்கடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்த விடுவாள். அந்த ஊர் வெயிலில் பூட்டிய பஸ்ஸுக்குள் ஒரு பிள்ளை மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்கிற பயத்தில் சில நாள் இரண்டு தடவைகூட நடப்பாள்.

மகள் தன்யா அங்கேதான் மூன்றாம் வகுப்பு படித்தாள். பஸ் ஆன்ட்டி மகள் என்று பாதிக் கட்டணத்தில் சேர்த்திருந்தார்கள். அந்தச் சலுகை இருந்ததால்தான் மூன்று பேரும் ஒரு பழைய வில்லாவின் பின்பக்கத் தடுப்பறையில் ஒன்றாக இருக்க முடிந்தது. அது போனால் தாயும் மகளும் சாத்தூருக்கு, புருஷன் வீரபாண்டி தனி ஆண்கள் தங்குகிற கம்பெனி கேம்புக்கு. ஏசி பழுது பார்க்கிற வீரபாண்டி கல்யாணமான பிறகும் பல வருஷம் கேம்பில் கிடந்தவன். திரும்ப அந்த இரும்புக் கட்டிலுக்குப் போவதை நினைத்தாலே அவனுக்கு முதுகு வலிக்கும்.

தன்யா எதிலும் மெதுவானவள். தோசை தின்பதும் மெதுவாக, ஷூ லேஸ் கட்டுவதும் மெதுவாக. கணக்குக் கேட்டால் மேலே பார்ப்பாள், விரலைப் பார்ப்பாள், அப்புறம் அநேகமாகத் தப்பாகச் சொல்வாள். அவளுக்குச் சாம்பல் வளையம் வந்தது ஜோதிமணிக்குப் பெரிய ஆச்சரியமில்லை. போகட்டும், கலர்தானே என்று விட்டுவிட்டாள்.

இரண்டாவது வாரம் காலையில் பஸ் ஷெட்டுக்குப் போனபோது, டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் ஜெயசீலன் பஸ்ஸுக்குள் குனிந்து சீட்டுகளின் முதுகில் வட்ட ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். நல்ல மனுஷன், ஆனால் மேலே இருப்பவர்களின் குரல் கேட்டாலே வேர்த்துவிடும்.

"இஞ்ச பாருங்க ஜோதி. முன்ன உள்ளதெல்லாம் கோல்டு. நடுவுல ப்ளூ. பொறத்த கிரே. ஸ்டிக்கரப் பாத்து உக்கார வச்சாப் போதும்."

"என்னத்துக்கு சார்?"

"கோல்டு பிள்ளையளுக்கு பஸ்லயே டேப்லெட்டுல பாடம் ஓடப் போவுது. மத்ததுவளுக்க சத்தம் ஆவாதாம். பிரின்சிபால் பெரிய மேடம் ஆர்டரு."

"பின்னாடி ஏசிக் காத்தே வராது சார். மத்தியானம் பின்கண்ணாடி வழியா வெயில் மூஞ்சியில அடிக்கும். பெரிய பிள்ளைகளே அங்கிட்டு உக்கார மாட்டேங்குதுக."

"அதெல்லாம் நாம பாக்கண்டாம். எனக்கும் ஒங்களுக்கும் இதுல என்ன இருக்கு?"

அவர் இறங்கிப் போனதும் டிரைவர் முகம்மது ஆசிக் ஸ்டியரிங்கில் கைவைத்தபடி திரும்பினார். கீழக்கரைக்காரர், தாடி நரைத்தவர். "ஒட்டிட்டுப் போறாங்க தங்கச்சி. நாம வண்டிய ஓட்டுவோம். யல்லா, ஏறுங்க."

அன்றைக்கு ஜோதிமணியின் நெஞ்சில் குத்தியது ஜெயசீலனின் பேச்சு அல்ல. தன்யா பஸ்ஸில் ஏறினாள், ஸ்டிக்கரைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளாகவே பையை இழுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த நடையை ஜோதிமணிக்குத் தெரியும். சாத்தூருக்குக் கிழக்கே அவள் படித்த பள்ளிக்கூடத்தில் காலனிப் பிள்ளைகளை யாரும் பின்னால் போ என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. முதல் நாளே அவர்களாகப் போய்விடுவார்கள். கடைசிச் சுவரை ஒட்டி, தரையில். வீரபாண்டியும் அப்படி ஒரு சுவரை ஒட்டி உட்கார்ந்து வந்தவன்தான். இங்கே எவனும் நீ எந்தத் தெரு என்று கேட்க மாட்டான் என்று சொல்லித்தான் அவளை விமானம் ஏற்றினான்.

பள்ளிக்கூடத்துக்குள்ளும் கலர் பரவிக்கொண்டே போனது. தங்கப் பிள்ளைகளுக்கு நிழல் விழுகிற கேட். கேன்டீனில் தனி மேஜை. பிறந்தநாள் விருந்துக்குக்கூடக் கலர் பார்த்துக் கூப்பிட ஆரம்பித்தார்கள். மெயின் ரோட்டு பிளாட்டில் இருந்த வசந்தகுமாரிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பாலமுரளி தங்கம். கேஜி படிக்கிற அனன்யா சாம்பல். ஸ்டிக்கர் ஒட்டிய அன்று வசந்தகுமாரி ஜோதிமணியைத் தனியே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"ஜோதிமணி, ப்ளீஸ், அனன்யா கிரேன்னு பில்டிங்ல யாருக்கும் தெரியாது. அவ கைவளையத்தை பஸ்ல ஏறினப்புறம் நீங்களே மாட்டிவிடுங்க. இறங்கும்போது கழட்டிடுங்க."

"குட்டிப் பிள்ளைங்க மேடம். அண்ணன் பக்கத்துலயே இருக்கட்டுமே?"

"வேண்டாம். பாலா பேருக்கு ஏதாவது வந்துடும்."

ஒரு வாரம் அப்படியே ஓடியது. செப்டம்பர் என்று பெயர்தானே தவிர, ஊர் ஓரத்து ஹஃபீத் மலை மத்தியான வெயிலில் வெள்ளையாக அலையடித்தது. பள்ளி விடுகிற நேரத்தில் பஸ் அடுப்பு மாதிரி இருக்கும். ஆசிக் ஏசியை முழுக்கத் திருகிவைத்தாலும் குளிர்ச்சி பாதி பஸ்ஸைத் தாண்டாது. முன்னால் டேப்லெட்டில் பாடம் ஓட, பின்னால் சாம்பல் வளையப் பிள்ளைகள் பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வார்கள். ஜோதிமணி ஈரத் துண்டோடு நடந்துகொண்டே இருப்பாள்.

அந்தப் புதன்கிழமை ரவுண்டானாவில் வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றன. தன்யாதான் கூப்பிட்டாள். "அம்மா, அனன்யா கண்ணு ஒரு மாதிரி போகுது!"

ஜோதிமணி ஓடினாள். குழந்தை வாந்தி எடுத்திருந்தது. உடம்பு கொதித்தது. தலை நிற்கவில்லை. பெல்ட்டைப் பிடுங்கிக் கழற்றி, வாரித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். ஏசிக்கு நேர்கீழே இருந்த பெரிய பையனை எழுப்பினாள்.

"எந்திரிப்பா. பின்னாடி போ."

"ஆன்ட்டி, ஐ ஆம் கோல்டு."

"எந்திரிங்கிறேன்ல!"

பையன் எழுந்தான். அனன்யாவைப் படுக்க வைத்து, சட்டையைத் தளர்த்தி, ஈரத் துண்டால் ஒற்றினாள். பாலமுரளி தங்கையின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஆசிக் வண்டியை ஓரம் கட்டி, தன் ஃபிளாஸ்கிலிருந்த ஐஸ் தண்ணீரைக் கொண்டுவந்தார். குழந்தை கண் திறந்ததும் ஜோதிமணி நிமிர்ந்து பின்பக்கம் பார்த்தாள். அங்கே இன்னும் எத்தனையோ சின்ன முகங்கள், சிவந்து போய்.

"சின்னப் பிள்ளைகள்லாம் முன்னாடி வாங்க. பெரியவங்க பின்னாடி போங்க. ஆளுக்குக் கொஞ்ச நேரம். கலரெல்லாம் எனக்குத் தெரியாது. வாங்க."

மறுநாள் ஜெயசீலன் தன் அறைக்குக் கூப்பிட்டார். மின்விசிறிக்கு அடியிலும் அவருக்கு நெற்றி வேர்த்திருந்தது.

"பஸ் கேமராவுல பாத்தேன். அந்தக் கோல்டுப் பையனுக்க அப்பா காலையிலே போன் மேல போனு. என்ன வேல செஞ்சிருக்கிய?"

"பிள்ளை மயங்கிருச்சு சார். அதையும் கேமராவுல பாத்தீகளா?"

"பாத்தேன்." அவர் கண்ணைத் திருப்பிக்கொண்டார். "ஒரு பிள்ளைய மாத்தினது சரி. எல்லாத்தையும் எதுக்கு மாத்தினிய? கேளுங்க ஜோதி, நான் மேடத்துக்கிட்ட உங்களுக்காகப் பேசிட்டேன். தெரியாமச் செஞ்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. தன்யாவுக்கு மறுபரீட்சை வைப்பாவளாம். ப்ளூவாவது கெடச்சிரும், நான் பொறுப்பு. இல்லேன்னா எனக்க வேலையும் போயிரும்."

சாயங்காலம் வீரபாண்டி வந்தபோது சட்டை முதுகில் உப்பு வரைபடம் மாதிரிக் காய்ந்திருந்தது. பகலெல்லாம் மொட்டை மாடியில் ஏசிப் பெட்டிகளோடு நின்றுவிட்டு வந்தவன். குளித்துவிட்டு உட்கார்ந்தான். சோறும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும். தன்யா ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பருக்கையாகத் தின்றுகொண்டிருந்தாள். ஜோதிமணி எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஒரே ஒரு சாரி. சொன்னா வாய் தேஞ்சா போகும்?" என்றான் வீரபாண்டி.

"சாரி சொல்லிரலாம். நாளைக்கு அந்தப் பச்சப் பிள்ளையத் திரும்ப அதே சீட்டுல கொண்டுபோய் வைக்கணும்ல. அத எந்தக் கையால செய்ய?"

"ஊர்ப் பிள்ளைய ஊரு பாக்கும். நீ உன் பிள்ளையப் பாரு."

"என் பிள்ளையும் அங்கதான இருக்கா?"

"அதான் மறுபரீட்சைங்கிறாகள்ல. நடுவுல வந்துருவா."

"வந்துட்டா? பின்னாடி சீட்டு காலியாவா இருக்கும்? வேற எவ பிள்ளையோ உக்காந்திருக்கும். நான்தான் உக்கார வச்சிருப்பேன்."

வீரபாண்டி கையை உதறினான். "நியாயம் பேசுறதுக்கு நமக்கு எடமா இது? வேல போச்சுன்னா சலுகை போச்சு. சலுகை போச்சுன்னா நீங்க ஊருக்கு, நான் கேம்புக்கு. இம்புட்டு வெயில்ல நான் எதுக்கு நிக்கிறேன்? இங்க எவனும் எந்தத் தெருன்னு கேக்க மாட்டான், நம்ம பிள்ளையாவது தல நிமிந்து படிக்கட்டும்னுதான?"

"அதையேதாங்க நானும் சொல்றேன். தெருவக் கேக்கல, கலரக் கேக்குறாக. அவ எப்படிப் பின்னாடி போனா தெரியுமா? யாரும் சொல்லல. அவளாப் போனா. நீங்களும் நானும் போனோம்ல, அதே மாதிரி."

அப்போதுதான் தன்யா கேட்டாள்.

"அம்மா, ஆம் ஐ டல்? கோல்டு பாய்ஸ் சொன்னாங்க."

இல்லம்மா, நீ கெட்டிக்காரி என்று சொல்ல ஜோதிமணிக்கு நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. மகள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"உனக்குக் கணக்கு மெதுவாத்தான் வருது. வரட்டும். ரெண்டு தடவ சொன்னாப் புரியும், இல்லாட்டி மூணு தடவ. அது உனக்கும் டீச்சருக்கும் உள்ள வேல. அதுக்காக நீ வெயில்ல உக்காரணும்னு ஒண்ணும் கெடையாது. விளங்குதா?"

"ம். திரும்ப டெஸ்ட் எழுதணுமா? பீப் பீப்னு கத்தும். எனக்குப் பயமா இருக்கும்."

"எழுத வேண்டாம்."

வீரபாண்டி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

மறுநாள் காலையில் அவள் கிளம்பும்போது வாசலில் நின்று பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினான். ஏசித் தகட்டில் பழைய பசையைச் சுரண்டுகிற பட்டைப் பிளேடு.

"நகத்தால வராது அந்த ஸ்டிக்கரு," என்றான். "கையப் பாத்துக்க."

பள்ளிக்கூட வாசலில் பஸ்கள் வரிசையில் காத்து நிற்கிற நேரம் கொஞ்சம் உண்டு. ஜோதிமணி முன்சீட்டில் ஆரம்பித்தாள். தங்க வட்டத்தின் ஓரத்தில் பிளேடைக் கொடுத்து இழுத்தாள். பாதி கிழிந்து வந்தது. மறுபாதியைச் சுரண்டினாள்.

"ஆன்ட்டி, என்ன பண்றீங்க?" என்றான் பாலமுரளி.

"சீட்டச் சுத்தம் பண்றேன்."

அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். தனக்கு முன்னால் இருந்த ஸ்டிக்கரை நகத்தால் நெம்ப ஆரம்பித்தான். அடுத்த சீட்டுப் பெண் பென்சில் ஸ்கேலை எடுத்தாள். பிறகு யாரையும் பிடிக்க முடியவில்லை. பஸ் முழுக்க நகமும் ஸ்கேலும் சாவியும் சுரண்டுகிற சத்தம், சிரிப்பு, யாருடையது முழுசாக வந்தது என்று போட்டி. கிழிந்த தங்கமும் நீலமும் சாம்பலும் தரையில் குப்பையாகக் கிடந்தன. ஒரு பையன் கலந்து உருட்டிப் பந்தாக்கினான். தன்யா தன் ஸ்டிக்கரை மெல்ல, கிழியாமல், வட்டமாக உரித்துக்கொண்டிருந்தாள். அவள் முடிப்பதற்குள் மற்றவர்கள் எல்லாம் முடித்துவிட்டார்கள்.

ஜோதிமணி ஆசிக்கைப் பார்த்தாள். அவர் உள்கண்ணாடியை மேலே திருப்பிவிட்டு, முன்னால் நின்ற பஸ்ஸை வெறித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல தங்கச்சி," என்றார். "கண்ணாடி சரியில்ல."

முதல் பாடவேளை முடிவதற்குள் பெரிய மேடம் கூப்பிட்டு அனுப்பினார். மதுரைப் பக்கத்துக்காரர், ஆனால் காட்டிக்கொள்ள மாட்டார். மேஜைக்கு முன்னால் நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்க ஜோதிமணி. நீங்க கோவப்படுற மாதிரி இது யாரையும் அவமானப்படுத்துறதுக்கு இல்ல. எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு கொடுக்கணும்னு தெரிஞ்சுக்கத்தான் இந்த டெஸ்ட். இது சயின்ஸ்."

"சரி மேடம்."

"தன்யாவுக்கு அன்னிக்குக் காய்ச்சலா இருந்திருக்கலாம். அப்படிச் சொல்லிட்டா மறுபடி எழுதலாம். நீங்க ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டிடுங்க. நானும் இதைப் பெருசு பண்ணலை."

"அவளுக்கு அன்னைக்குக் காய்ச்சல் இல்ல மேடம். நல்லாத்தான் இருந்தா. அவளுக்கு வர்றது அம்புட்டுத்தான்."

மேடம் இதை எதிர்பார்க்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"மெதுவாப் படிக்கிற பிள்ளைக்குத் தனி டீச்சர் வைங்க, கும்பிட்டு வாங்கிக்கிறேன். சாயங்காலம் கூட ஒரு மணி நேரம் உக்கார வைங்க, கூட்டிட்டு வர்றேன். ஆனா படிப்பு வராத பிள்ளைய வெயில்ல உக்காத்தி வைக்கிறது சயின்ஸா மேடம்? எங்க ஊர்ல இத கம்ப்யூட்டர் இல்லாமலே பண்ணுனாக. நீங்களும் அந்தப் பக்கத்து ஆளுதான, பாத்திருப்பீக."

மேடத்தின் முகம் இறுகியது. பிறகு ஆங்கிலத்துக்கு மாறினார். இன்றோடு வேலை முடிந்தது என்பதும், சலுகை இந்தப் பருவத்தோடு நிற்கும் என்பதும் ஜோதிமணிக்குப் புரிந்தது. எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். தண்ணீர்க் குழாயடியில் போய் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. பசிதான் எடுத்தது.

வீரபாண்டியிடம் போனில் சொன்னபோது, "கலாஸா? முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டான்.

"கலாஸ்."

"சரி. பருவம் முடியிற வரைக்கும் ஓட்டுவோம். கேம்புக்குப் போகச் சொன்னாப் பாத்துக்கலாம். நீ சாப்ட்டியா?"

அன்று மாலையே ஆசிக் கூப்பிட்டார். அவர் ரூமில் இருக்கிறவர்களுக்கு ஓட்டல் சோறு தின்று வயிறு கெட்டுக் கிடக்கிறதாம், சமைத்துத் தர முடியுமா என்று கேட்டார். முடியும் என்றாள். பேச்சோடு பேச்சாக, திங்கட்கிழமைக்குள் புது ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள் என்பதையும் சொன்னார்.

திங்கட்கிழமை காலையில் ஜோதிமணி தன்யாவோடு மெயின் ரோட்டு நிறுத்தத்தில் போய் நின்றாள். இத்தனை நாள் உள்ளேயிருந்து பிள்ளைகளை ஏற்றியவள் இன்று வெளியே. வசந்தகுமாரியும் இரண்டு பிள்ளைகளோடு நின்றிருந்தாள். வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் இவளோடு பேசவில்லை. இப்போதும் பேசவில்லை. ஆனால் பாலமுரளியின் கையில் வளையம் இல்லை. அனன்யாவின் கையிலும் இல்லை.

பஸ் வந்து நின்றது. கதவில் ஷம்சியா நின்றாள். வேறு பஸ்ஸிலிருந்து மாற்றிவிட்டிருந்தார்கள். சின்னப் பெண். அவள் முதுகுக்குப் பின்னால் புது வட்டங்கள் பளபளத்தன.

"கைவளையம் எங்க மேடம்?" என்றாள் ஷம்சியா.

"வீட்ல இருக்கு," என்றாள் வசந்தகுமாரி. உரக்கவே சொன்னாள். "என் பிள்ளைங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் உட்காருவாங்க. முன்னாடி. அனன்யா இன்னொரு தடவை மயங்கி விழக் கூடாது. யாராவது கேட்டா என் நம்பரைக் கொடுங்க."

பிள்ளைகள் கைகோத்தபடி ஏறினார்கள். ஷம்சியா ஜோதிமணியைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, நான் என்ன பண்ணட்டும்? எனக்கும் ஊர்ல பிள்ளைங்க இருக்கு. கேமராவுல பாப்பாங்க."

"நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். பேசாம நில்லு. யாரையும் எந்திரின்னு சொல்லாத. பிள்ளைக அதுகளா உக்காரட்டும்."

தன்யா ஏறினாள். படியில் நின்று பஸ்ஸை ஒரு முறை பார்த்தாள். இரண்டாம் வரிசை ஜன்னலோரம் போய் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். ஷம்சியா கதவைச் சாத்தினாள். ஆசிக் ஹாரனை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

தூசி அடங்கும் வரை இரண்டு பெண்களும் நின்றார்கள்.

"அடுத்த ஸ்டாப் அம்மாக்களை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் வசந்தகுமாரி.

"எல்லா ஸ்டாப்பும் தெரியும். எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்காதுங்கிறது வரைக்கும் தெரியும்."

"அவங்களும் வளையத்தைக் கழட்டிட்டா நல்லது. என்கிட்ட கார் இருக்கு. ஆனா பஸ் முந்திடுமே."

"முந்தாது. ஆசிக் அண்ணன் வில்லாப் பக்கம் சுத்திட்டுத்தான் வருவாக." ஜோதிமணி காரின் முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். "ரவுண்டானா தாண்டி வலது பக்கம் திருப்புங்க. பேக்கரி வாசல்ல மூணு தாய்மாரு நிப்பாக. ஒருத்திக்கு மலையாளம், ஒருத்திக்கு உருது. பேசிக்கலாம், போங்க."